‘இல்லை’ என்று எழுதியிருக்கிறதா, ‘பார்த்தோம், இல்லை’ என்றா?

வாசகர் கடிதம்: என் தம்பிக்கு 29 வயது. ஒரு நோயும் கிடையாது. வேலை பார்த்த ஊரில் நண்பர் ஒருவரோடு தங்கியிருந்தான். அன்று இரவு பத்தரை மணிக்கு என்னோடு போனில் நன்றாகப் பேசினான். வெளியூர் போயிருந்த நண்பர் மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் திரும்பியபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உடைத்துக்கொண்டு போனால், கட்டிலில் குப்புறக் கிடந்தான். புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்திப் பார்த்திருக்கிறார். கைகள் மடங்கியபடியே விறைத்து நின்றன என்று சொல்கிறார். போஸ்ட்மார்ட்டம் அதற்கு அடுத்த நாள் காலை 11 மணிக்கு நடந்தது. முதுகெல்லாம் ஊதா நிறம், மூக்கில் ரத்தம் கலந்த நுரை, இடப்பக்கம் மூன்று விலா எலும்புகள் முறிவு என்று அறிக்கை சொல்கிறது. குடிப்பழக்கமே இல்லாதவன் ரத்தத்தில் 28 மில்லிகிராம் மது என்கிறது ஆய்வகம். விஷம் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த உள்ளுறுப்புத் துண்டுகளில், அதாவது விசராவில், விஷம் இல்லையாம். கடைசியில் ‘இறப்புக்கான காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை’ என்று முடித்துவிட்டார்கள். இயற்கை மரணம் என்று வழக்கை முடிக்கப் போவதாகக் காவல்துறையில் சொல்கிறார்கள். இறுதிச் சடங்கும் முடிந்துவிட்டது. அவனை யாராவது அடித்தார்களா? எதையாவது கொடுத்துவிட்டார்களா? டாக்டர் மறைக்கிறாரா? “நீச்சல் தெரிந்த என் தம்பியும் 26 வயதில் தண்ணீரில் போனான், இது நம் குடும்பத்துச் சாபம்” என்று அம்மா அழுகிறார். அறிக்கைகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

தடயவியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். உங்களை அச்சுறுத்தும் விஷயங்களில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இருக்கிறது. அதே சமயம், நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு மூன்று இடங்களில்தான் உண்மையான கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்களைப் பற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விலா எலும்புகள். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும்போது பெரியவர்களுக்கு விலா முறிவது மிகச் சகஜம். அதுவும் முன்பக்கமாக, நெஞ்செலும்பை ஒட்டித்தான் பெரும்பாலும் முறியும். பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே அப்படி என்றால், பதற்றத்தில் ஒரு நண்பர் அழுத்தினால் கேட்கவே வேண்டாம். அடியால் முறிந்ததா, பிறகு அழுத்தியதில் முறிந்ததா என்று பிரித்துக் காட்டுவது ரத்தக் கசிவு. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் உடலில் எலும்பு முறிந்தால் சுற்றியுள்ள தசையில் ரத்தம் இறங்கிப் படிந்திருக்கும். இறந்து பல மணி நேரமான உடலில் முறிந்தால் அந்த இடம் கிட்டத்தட்ட வறண்டே இருக்கும். உங்கள் அறிக்கையில் ‘3, 4, 5-ஆம் விலா முறிவு’ என்றதோடு நின்றுவிடுகிறது. முன்பக்கமா, பக்கவாட்டிலா, பின்பக்கமா? சுற்றி ரத்தக் கசிவு இருந்ததா? ஒரு வரிகூட இல்லை. என் ஊகம் நண்பரின் கைகள்தான். ஆனால் ஊகத்தை நான் எழுத வேண்டியதில்லை. போஸ்ட்மார்ட்டம் மேசைக்கு முன்னால் நின்றவர் பார்த்ததை எழுதியிருக்க வேண்டும்.

மூக்கில் வந்த நுரை அடி வாங்கியதன் அடையாளம் அல்ல. நுரையீரலில் நீர் கோத்து, காற்றோடு கலந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து இளஞ்சிவப்பாக வெளியே வரும். இதயம் தடுமாறி நின்றாலும் வரும், வலிப்பில் இறந்தாலும் வரும், சில மருந்துகள் அளவு மீறினாலும் வரும், நீரில் மூழ்கினாலும் வரும். நுரையீரல்களின் எடை 640, 580 கிராம் என்று இருக்கிறது. கனம்தான். அது நுரையோடு பொருந்துகிறது, அவ்வளவே. எந்தக் காரணத்தால் நீர் கோத்தது என்று அது சொல்லாது.

‘மூளை: ரத்தத் தேக்கம். கல்லீரல்: ரத்தத் தேக்கம். சிறுநீரகம்: ரத்தத் தேக்கம்’ என்று வரிசையாக இருப்பதைப் பார்த்து ஏதோ பயங்கரம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி அறிக்கைகளில் இந்தச் சொல் ரப்பர் ஸ்டாம்பு போல விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி எழுதியவன்தான். ஒரு நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “டாக்டர், தேங்காத உறுப்பு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

மது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி குடிக்காதவர் என்ற உங்கள் வார்த்தையை இந்த 28 மில்லிகிராம் பொய்யாக்கவில்லை. இறந்த உடலில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்து ஆல்கஹால் உண்டாக்கும். இறந்து ஒன்றரை நாள் வரை ஆகியிருக்கக்கூடிய உடலில், 100 மில்லி ரத்தத்துக்கு 28 மில்லிகிராம் என்பது அப்படித் தானாக உண்டாகக்கூடிய அளவுதான். ஆகவே ரத்தத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது முக்கியம். தொடையின் பெரிய ரத்தக் குழாயிலிருந்து எடுப்பது நல்லது. இதயத்து ரத்தத்தில் இரைப்பையிலிருந்தும் பக்கத்து உறுப்புகளிலிருந்தும் பொருட்கள் ஊறிச் சேர்ந்துவிடும். உங்கள் அறிக்கையில் ‘இதய ரத்தம்’ என்றிருக்கிறது. நுண்ணுயிரை அடக்கும் சோடியம் ஃப்ளோரைடு போட்ட குப்பியா என்றும் இல்லை. விழிக்குள் இருக்கும் திரவத்தை எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. கண் மூடிய பெட்டி மாதிரி; நுண்ணுயிர்கள் அங்கே தாமதமாகத்தான் போகும். ரத்தத்தில் மது இருந்து விழித் திரவத்தில் இல்லையென்றால், பெரும்பாலும் அது இறந்த பிறகு உண்டானது. எடுக்கவில்லை. எனவே ‘மது அருந்தியிருந்தார்’ என்று யாராவது விசாரணைக் குறிப்பில் எழுதினால், இந்த ஒற்றை எண்ணை வைத்து அப்படி எழுத முடியாது என்று நீங்கள் தைரியமாக ஆட்சேபிக்கலாம்.

இனி, எனக்கு உறுத்தும் இடம். முதுகின் ஊதா நிறம்.

அது காயம் அல்ல. இதயம் நின்றதும் ரத்தம் தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி இறங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகில், குப்புறக் கிடந்தால் மார்பிலும் முகத்திலும் கறையாகத் தெரியும். அறிக்கைகளில் ‘லிவிடிட்டி’ என்று எழுதுவோம். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பித்து, ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். நிலைத்த பிறகு உடலைத் திருப்பினாலும் பெரிதாக இடம் மாறாது. அதற்கு முன்னால் திருப்பினால் கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்று இரண்டு பக்கமும் கறை இருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பி குப்புறக் கிடந்தார் என்கிறார் நண்பர். கை விறைத்திருந்தது என்கிறார். விறைப்பு தாடையில் 2 முதல் 4 மணி நேரத்தில் தொடங்கி, கைகால்களுக்குப் பரவி, 12 மணி நேர அளவில் உடல் முழுவதையும் பிடிக்கும். மாலை ஐந்து மணிக்குக் கைகள் மடங்கியபடியே நின்றன என்றால், இறந்து குறைந்தது பல மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் மார்பிலும் வயிற்றிலும் கறை இருக்க வேண்டுமே? அறிக்கையில் ‘முதுகுப் பக்கம் மட்டும், நிலைத்தது’ என்று இருக்கிறது.

இதற்கு நான்கு விளக்கங்கள் சாத்தியம். முன்பக்கக் கறையைக் கவனிக்காமல், வழக்கமான வரியைப் பழக்கத்தில் எழுதிவிட்டார்கள் என்பது ஒன்று. வருத்தத்தோடு சொல்கிறேன், நான் பார்த்தவரை இதுதான் அதிகம். தம்பி நள்ளிரவில் அல்ல, மறுநாள் காலை விடிந்து வெகுநேரம் கழித்து இறந்தார், அதனால் திருப்பிப் போட்டபோது கறை இன்னும் நிலைக்காமல் முதுகுக்கு இறங்கிவிட்டது என்பது இரண்டாவது. அப்படியென்றால் அன்று காலை அவர் போனைத் தொட்டாரா, யாரோடாவது பேசினாரா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, நண்பரின் நினைவு பதற்றத்தில் பிசகியிருக்கலாம். ஒருக்களித்துக் கிடந்ததைக் குப்புற என்று நினைத்திருக்கலாம். நான்காவது, இறந்து வெகுநேரம் மல்லாந்து கிடந்த உடலை யாரோ திருப்பிப் போட்டார்கள் என்பது. உள்பக்கம் தாழிட்ட அறையில் இது கடினம், ஆனால் கேட்காமலே விட்டுவிடக் கூடியதும் அல்ல.

இதைத் தீர்க்க இன்னொரு அறிக்கை வேண்டாம். ஆய்வின்போது எடுத்த புகைப்படங்கள் போதும். மார்பிலும் அடிவயிற்றிலும் ஊதா படர்ந்திருக்கிறதா, மெத்தையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளுத்துக் கிடக்கின்றனவா என்பது படத்தில் தெரியும். அந்தப் படங்களைக் கேளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம். ஒரு தடயவியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நண்பரிடமும் அவர் கண்டதைக் கண்டபடி எழுதித் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள்: தலை எந்தப் பக்கம், முகம் தலையணையில் புதைந்திருந்ததா, கை எப்படி மடங்கியிருந்தது, உடல் சில்லிட்டிருந்ததா. கைகள் விறைத்திருந்த விஷயம் நீங்கள் அனுப்பிய எந்த அரசுத் தாளிலும் இல்லை. அவரை யாரும் கேட்கவே இல்லை போலிருக்கிறது.

முகம் தலையணையில் புதைந்திருந்ததா என்று ஏன் கேட்கிறேன் என்றால், மூச்சு அடைபட்டு இறப்பது பல நேரங்களில் உடலில் சுவடே விடாது. மென்மையான பொருளால் மூக்கும் வாயும் மூடப்பட்டால் மேசையில் கிடைப்பது மிகக் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழுத்தைப் பற்றி அறிக்கையில் ‘வெளிக்காயம் இல்லை’ என்று மட்டும் இருக்கிறது. உள்ளே என்ன? கழுத்தை ஒழுங்காகப் பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் மூளையையும் நெஞ்சுறுப்புகளையும் எடுத்து, கழுத்திலுள்ள ரத்தம் வடிந்த பிறகுதான் தசைகளை அடுக்கு அடுக்காகப் பிரிக்க வேண்டும். வடியாமல் வெட்டினால் கசியும் ரத்தமே காயம் போலத் தோன்றி ஏமாற்றும். நாக்கின் அடியில் கழுத்தில் இருக்கும், கழுத்தை நெரித்தால் முறியக்கூடிய ஹையாய்டு எலும்பைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அது முறியவில்லை என்று எழுதியிருந்தாலும் இளவயதில் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. அந்த வயதில் எலும்பு வளைந்துகொடுக்கும். எழுதாமலே விட்டதுதான் குறை. ‘கழுத்தின் உள்பகுதி பிரித்துப் பார்க்கப்பட்டதா?’ என்று எழுத்தில் கேளுங்கள். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது.

விசரா அறிக்கைக்கும் இதே அளவுகோல்தான்: பார்த்துவிட்டு ‘இல்லை’ என்றார்களா, பார்க்காமலா? ‘விஷம் கண்டறியப்படவில்லை’ என்றால், தேடிய பொருட்களில் எதுவும் அகப்படவில்லை என்று பொருள். ஆய்வகத்தில் எல்லாவற்றையும் காட்டும் ஒரே கருவி கிடையாது. இன்சுலின் வழக்கமான விசரா சோதனையில் வராது. கார்பன் மோனாக்சைடுக்கு ரத்தத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். தம்பியின் உடலில் கறை செக்கச்சிவப்பாக இல்லாமல் ஊதாவாக இருந்ததால் அதற்கான வாய்ப்பு குறைவு, என்றாலும் அறையில் எரிவாயு அடுப்போ ஹீட்டரோ இருந்ததா என்று யாராவது பார்த்திருந்தால் நல்லது. எந்தெந்தப் பொருளைத் தேடினார்கள், எந்த முறையில் தேடினார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ‘யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள்’ என்ற உங்கள் சந்தேகத்துக்கு இதுவரை கிடைத்த தாள்களில் ஆதாரம் எதுவும் இல்லை. அதை முழுக்க மறுக்கும் ஆதாரமும் இல்லை.

இனி இதயம். 310 கிராம், ரத்தக் குழாய்களில் அடைப்பில்லை, ‘இயல்பானது’. சரி. ஆனால் திசுப் பரிசோதனைக்கு ஒரு துண்டுகூட அனுப்பவில்லை. எனக்குக் கோபம் வந்த இடம் இது. இருபத்தொன்பது வயதில் காரணமில்லாமல் இறந்த ஒருவரின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் எப்படி மூடினார்கள்? இதயத் தசை அழற்சி வெறும் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம்; கண்ணாடித் தட்டில் வைத்தால் தெரியும். விசராவைத்தான் அனுப்பிவிட்டோமே என்று சிலர் சொல்வார்கள். அது வேதியியல் சோதனைக்கான பாட்டில், விஷம் இருக்கிறதா என்று பார்க்க. திசுவுக்கு வேறு பாட்டில், அதில் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

மீந்த மாதிரிகள் எங்காவது இருக்கின்றனவா என்று இந்த வாரமே கேளுங்கள். ஆய்வகங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவற்றை அழித்துவிடும். அந்தக் கெடு இடத்துக்கு இடம் மாறும், வழக்கை முடித்துவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். ‘மறு உத்தரவு வரும்வரை அழிக்க வேண்டாம்’ என்று ஒரு கடிதம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளும் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

காவல்துறை சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘காரணம் உறுதியாகவில்லை’ என்பதிலிருந்து ‘இயற்கை மரணம்’ என்று தாவ முடியாது. எதனால் இறந்தார் என்றே தெரியாதபோது, அந்த ‘எது’ இயற்கையானது என்று எப்படித் தெரிந்தது? அதே நேர்மையோடு உங்களுக்கும் சொல்ல வேண்டும்: அதிலிருந்து ‘கொலை’ என்றும் தாவ முடியாது. டாக்டர் மறைக்கிறாரா என்று கேட்டீர்கள். இந்த அறிக்கையில் மறைத்ததற்கான வாடை எனக்கு அடிக்கவில்லை. மறைக்க நினைப்பவர் ‘மாரடைப்பு’ என்று எழுதிக் கையைக் கழுவியிருப்பார், யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். தெரியவில்லை என்று எழுதக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். அந்த வரியை எழுதியவர் மீது எனக்கு மரியாதைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பாதியில் விட்டதுதான் குற்றம்.

முழு வேலையையும் செய்தாலும் விடை கிடைக்காமல் போவதுண்டு. 2016-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 1 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் திடீர் இதய மரணம் என்று வகைப்படுத்திய 490 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். திசு, விஷம் எல்லாம் பார்த்து முடித்த பிறகும் 40 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியவில்லை. அப்படி விளக்கமில்லாமல் போனவர்களில் இரவில் இறந்தவர்கள் அதிகம். அவர்களில் 113 பேருக்கு மரபணுவைச் சோதித்தபோது 27 சதவீதம் பேரிடம் பொருட்படுத்த வேண்டிய மாற்றம் அகப்பட்டது.

ஏனென்றால் இதயத்தில் சில கோளாறுகள் தசையில் இல்லை, மின்னோட்டத்தில் இருக்கின்றன. நின்றுபோன இதயத்தில் கத்தியை வைத்து மின்னோட்டத்தைத் தேட முடியாது. உயிரோடு இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி.யில்தான் அது தெரியும். 1992-ல் இதயநோய் மருத்துவர்களான ப்ருகாடா சகோதரர்கள் விவரித்த கோளாறு அப்படிப்பட்டது. இளம் ஆண்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோகும். இ.சி.ஜி.யில் க்யூ-டி என்ற இடைவெளி நீண்டு தெரியும் ‘நீண்ட க்யூ-டி’ என்றொரு வகை இருக்கிறது. அதில் ஒரு பிரிவினருக்கு ஓட்டமும் நீச்சலும் ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் காரணமில்லாமல் மூழ்கினார் என்று கேள்விப்பட்டால் எங்கள் துறையில் முதலில் கேட்பது, “குடும்பத்தில் வேறு யாராவது இளவயதில் போயிருக்கிறார்களா?” என்பதைத்தான்.

உங்கள் கடிதத்தில் சாபம் என்று வந்த வரியை அதனால்தான் நான் நிறுத்திப் படித்தேன். தாய்மாமா 26 வயதில் நீரில், தம்பி 29 வயதில் படுக்கையில். இரண்டும் ஒரே கோளாறு என்று நான் சொல்லவில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மின்னோட்டக் கோளாறுகளில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைகளுக்கு இறங்குபவை. வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் எழுபது வயது வரை சுமந்து திரிபவர்களும் உண்டு. கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ, நெஞ்சில் பொருத்தும் கருவியோ, எச்சரிக்கையோ இருக்கிறது.

நீங்கள் ஓர் இதயநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தம்பியின் அறிக்கைகளையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் கேளுங்கள். நீங்கள் எப்போதாவது ஓடும்போதோ, திடுக்கிட்டபோதோ, காய்ச்சலிலோ மயங்கி விழுந்திருந்தால், ‘சத்துக் குறைவு’ என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும், அதை மறக்காமல் சொல்லுங்கள். தம்பி எப்போதாவது வேலைக்காக உடல்தகுதிச் சோதனை செய்துகொண்டாரா என்று தேடிப் பாருங்கள், பழைய இ.சி.ஜி. தாள் ஒன்று எங்காவது கோப்பில் கிடந்தால் அது இந்த மொத்த அறிக்கையைவிடப் பெறுமானமுள்ளது. மீந்த ரத்தமோ, ஃபார்மலின் படாத திசுவோ உறைநிலையில் இருப்பதாக ஆய்வகம் சொன்னால், மரபணுச் சோதனைக்கு அதைக் கேட்கலாமா என்று அந்த மருத்துவரிடமே ஆலோசியுங்கள்.

போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு முன்னால் அவருக்கு இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். மாமா அவருக்குத் தம்பி அல்லவா?